இந்தப் பத்து யுவான் யாருடையது? போர்க்காலச் சீன நோட்டுகளைச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

என் மேசையில் இரண்டு பத்து யுவான் நோட்டுகள் இருக்கின்றன. இரண்டிலும் அச்சாகியிருக்கும் ஆண்டு 1940. இரண்டிலும் சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்-சென்னின் முகம். நாணயக் கண்காட்சி ஒன்றில் ஒரே தட்டிலிருந்து எடுத்தவை. ஒரே நாட்டின், ஒரே அரசின் பணம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து, பின்பக்கத்து ஆங்கில எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. ஒன்றில் ‘சென்ட்ரல் பேங்க் ஆஃப் சைனா’ என்று இருக்கிறது. மற்றதில் ‘சென்ட்ரல் ரிசர்வ் பேங்க் ஆஃப் சைனா’. நடுவில் ஒரே ஒரு சொல் கூடுதல். அந்த ஒரு சொல்லுக்காக ஷாங்காயில் ஆட்களைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள்.

முதல் நோட்டை வெளியிட்டது, ஜப்பானோடு போரிட்டுக்கொண்டே சோங்கிங் மலைநகரத்துக்குப் பின்வாங்கிய சியாங் கை-ஷேக் அரசின் வங்கி. இரண்டாவது, ஜப்பானின் பிடியில் இருந்த நான்ஜிங்கில் வாங் ஜிங்வெய் தலைமையில் அமைந்த அரசின் வங்கியுடையது. ஆக, ஒரே முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு எதிரிகள் பணம் அடித்திருக்கிறார்கள். போர்க்காலச் சீன நோட்டுகளைச் சேர்க்க வருபவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான். முகத்தையோ மதிப்பையோ வைத்து இவற்றை அடுக்கக் கூடாது. இதை யார் வெளியிட்டார்கள், அப்போது எந்த மண் அவர்கள் கையில் இருந்தது என்ற கேள்வியை வைத்துத்தான் அடுக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போய் வருவோம். 1935 நவம்பர் வரை சீனாவில் பணம் என்றால் வெள்ளி. நோட்டும் உண்டு, ஆனால் அதைக் கொடுத்தால் வெள்ளி கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது ஓடியது. 1934-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு உலகச் சந்தையில் வெள்ளியை வாங்கிக் குவிக்கத் தொடங்கியது. விலை ஏறியது, சீனாவின் வெள்ளி கப்பல் கப்பலாக வெளியே போனது. நாட்டுக்குள் பணம் வற்றியது. வேறு வழியில்லாமல் அரசு வெள்ளியைக் கைவிட்டு, சட்டம் செல்லும் என்று சொல்வதால் செல்லும் காகிதப் பணத்தைக் கொண்டுவந்தது. அதன் பெயர் ஃபாபி. சட்டப்பணம் என்று பொருள். சென்ட்ரல் பேங்க் ஆஃப் சைனா, பாங்க் ஆஃப் சைனா, பாங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் ஆகிய மூன்றுக்கும் முதலில் வெளியிடும் உரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஃபார்மர்ஸ் பேங்க் ஆஃப் சைனாவும் சேர்ந்துகொண்டது. இந்த நான்கு பெயர்களையும் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கப்போகும் நோட்டுகளில் பெரும்பகுதி இந்த நான்கு வங்கிகளுடையதுதான்.

ஃபாபி வந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை, 1937 ஜூலையில் போர் மூண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஷாங்காயும் நான்ஜிங்கும் விழுந்தன. ஊரைப் பிடித்த ராணுவத்துக்கு உடனே ஒரு தொல்லை எழுந்தது. ஊர் தன் கையில் இருக்கிறது, ஊரார் பையில் எதிரியின் பணம் இருக்கிறது. அந்தப் பணம் செல்லும்வரை எதிரி அரசுக்கும் செல்வாக்கு இருக்கும். அதனால் ஜப்பான் தான் பிடித்த ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வங்கியை நிறுவியது. மஞ்சூரியாவில் 1932-இலேயே மஞ்சுகுவோ மத்திய வங்கி தொடங்கியாயிற்று. உள்மங்கோலியப் பக்கம் மெங்ஜியாங் வங்கி வந்தது. அதன் நூறு யுவான் நோட்டில் நிற்கும் ஒட்டகங்களுக்காகவே பலர் அதைத் தேடுவார்கள். பெய்ஜிங்கில் 1938 மார்ச்சில் ‘ஃபெடரல் ரிசர்வ் பேங்க் ஆஃப் சைனா’ திறந்தது. மறு ஆண்டு மார்ச்சில் வடசீனாவில் ஃபாபி செல்லாது என்று அறிவித்தார்கள். 1941 ஜனவரியில் நான்ஜிங்கின் சென்ட்ரல் ரிசர்வ் பேங்க் வந்தது. ஹாங்காங் விழுந்த பிறகு அங்கே ஜப்பானிய ராணுவ யென் வந்தது. தொடக்கத்தில் இரண்டு ஹாங்காங் டாலருக்கு ஒரு ராணுவ யென். 1942-இல் நான்கு டாலருக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். 1943 ஜூனில் ஹாங்காங் டாலரையே தடை செய்துவிட்டார்கள். மலேயாவில் நம்மவர்கள் புழங்கிய வாழைமர நோட்டும் இதே காலத்தில் அதே ராணுவம் அடித்ததுதான். அந்தக் காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டிகளின் வீடுகளில் அந்த நோட்டு இன்னும் ஒன்றிரண்டு கிடக்கும்.

ஷாங்காய்க்கு வருகிறேன். நகரத்தின் நடுவே அந்நியர் குடியிருப்புப் பகுதிகள் இருந்தன. 1941 டிசம்பர் வரை ஜப்பான் அவற்றின் பெரும்பகுதியைப் படையோடு கைப்பற்றவில்லை. அதனால் சுற்றிலும் ஜப்பானியப் படை இருக்க, நடுவில் ஃபாபி வங்கிகள் திறந்தே இருந்தன. அந்தப் பகுதிக்குள் சென்ட்ரல் ரிசர்வ் நோட்டை நுழைக்க நான்ஜிங் அரசு முயன்றது. சோங்கிங்கின் ரகசிய ஆட்கள் அந்தப் புது வங்கியைத் தாக்கினார்கள். பதிலுக்கு 1941 மார்ச்சில் வாங் ஜிங்வெய் தரப்பின் ரகசியப் போலீஸ் ஜியாங்சு விவசாய வங்கி ஊழியர்கள் தங்கியிருந்த விடுதிக்குள் புகுந்து சுட்டது. பாங்க் ஆஃப் சைனா ஊழியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் வங்கிக் குமாஸ்தாக்கள். பேரேட்டில் கணக்கு எழுதியவர்கள், நோட்டை எண்ணிக் கொடுத்தவர்கள். என் மேசையில் இருக்கும் இந்த இரண்டு தாள்களில் ஒன்றை ஏற்று மற்றதை மறுப்பதே உயிரைப் பணயம் வைக்கும் வேலையாக இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்த இரண்டையும் ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். பிரித்து வைத்தால் இந்தக் கதை கண்ணில் படாமல் போய்விடும்.

1942-இல் நான்ஜிங் தரப்பு இரண்டு ஃபாபிக்குத் தன்னுடைய ஒரு யுவான் என்று மாற்றுவிகிதம் வைத்து, மக்கள் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது. போர் முடிந்ததும் சோங்கிங் அரசு திரும்பி வந்து, 200 சென்ட்ரல் ரிசர்வ் யுவானுக்கு ஒரு ஃபாபி என்று விகிதம் வைத்தது. உண்மையான விலைவாசியோடு அது சிறிதும் பொருந்தவில்லை. தன் பணத்தை முதலில் எதிரியிடம் பாதியாக இழந்த ஷாங்காய்க் குடும்பம், மிச்சத்தைத் தன் சொந்த அரசிடம் இழந்தது.

இனி நோட்டைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். சீனம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பின்பக்கத்தில் பல நோட்டுகளில் வங்கியின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். முன்பக்கத்தில் ஆண்டைக் கண்டுபிடிக்கப் பத்து எழுத்து தெரிந்தால் போதும். அதிலும் ஒன்று என்பது ஒரு கிடைக்கோடு, இரண்டு என்பது இரு கோடு, மூன்று என்பது மூன்று கோடு. பத்து நம் கூட்டல் குறி மாதிரியே இருக்கும். நான்கு, ஒரு பெட்டிக்குள் இரண்டு கால்கள். மற்ற ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆல்பத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

எண்ணை எழுதும் முறை தமிழர்களுக்குப் புதிதே அல்ல. பழைய தமிழ் எண்முறையில் இருபத்தொன்பதை எப்படி எழுதினோம்? ௨௰௯ என்று. இரண்டு, பத்து, ஒன்பது. சீனர்கள் எழுதுவதும் அச்சு அசலாக இப்படியே: இரண்டு கோடு, கூட்டல் குறி, ஒன்பது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தக் கால நோட்டில் கிடையாக ஓடும் சீன எழுத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

கிடைக்கும் எண் சீனக் குடியரசின் ஆண்டு. திருவள்ளுவர் ஆண்டு கிடைக்க ஆங்கில ஆண்டோடு நாம் 31 கூட்டுகிறோம் அல்லவா, அதுபோல ஆங்கில ஆண்டு கிடைக்க இந்த எண்ணோடு 1911-ஐக் கூட்ட வேண்டும். 29 என்றால் 1940. 31 என்றால் 1942. நான்ஜிங் அரசும் தன்னைச் சீனக் குடியரசு என்றே சொல்லிக்கொண்டதால் இதே ஆண்டுக்கணக்கைத்தான் பயன்படுத்தியது. அதனால் ஆண்டை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. மதிப்பைக் குறிக்கும் எழுத்துகள் வேறு வகை. கோடு நிறைந்து சிக்கலாக இருக்கும். காசோலையில் தொகையை எழுத்தாலும் எழுதச் சொல்வதற்கு என்ன காரணமோ அதுவே இதற்கும் காரணம். ஒரு கோட்டைக் கூட்டி ஒன்றை இரண்டாக்கிவிடக் கூடாது.

அச்சிட்ட ஆண்டும் வெளியிட்ட ஆண்டும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இதற்கு நல்ல உதாரணம், சுங்கத் தங்க அலகு என்ற நோட்டு. சீன மொழியில் குவான்ஜின். வழக்கமான நோட்டுபோல் படுக்கையாக இல்லாமல் நெட்டாக இருக்கும். மேலே சுன் யாட்-சென், பின்னால் ஷாங்காய்ச் சுங்க மாளிகை. சுங்க வரி கட்டுவதற்கென்று 1930-இல் உருவாக்கிய கணக்கு அலகு அது. அந்த ஆண்டைத் தாங்கிய நோட்டுகளை 1942-இல் எடுத்து, ஒன்றுக்கு 20 ஃபாபி என்று மதிப்பு வைத்துப் பொதுப் புழக்கத்தில் விட்டார்கள். விலைவாசி ஏறிவிட்டது, பெரிய எண் போட்ட புது நோட்டு அடித்தால் மக்கள் மிரளுவார்கள். நூறு என்று எழுதிய தாளை நீட்டினால் அது இரண்டாயிரம் ஆகிவிடுகிறது. ஆண்டு 1930 என்று காட்டுகிறதே, அமைதிக்கால நோட்டு போலிருக்கிறது என்று ஒதுக்கிவைத்தால், போர்க்காலத்தின் மிக முக்கியமான சாட்சியை ஒதுக்கிவிடுவீர்கள்.

விலைவாசி என்றதும் அந்தக் கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. போர் தொடங்கும்போது புழக்கத்தில் இருந்த ஃபாபி சுமார் 140 கோடி யுவான். 1945 ஆகஸ்டில் 55,000 கோடிக்கும் மேல். படையும் சம்பளமும் ஆயுதமும் எல்லாம் அச்சடித்த பணத்தில் நடந்தன. வரி கொடுக்கும் வளமான கடற்கரை நகரங்கள் எல்லாம் எதிரியிடம் போய்விட்டபின் அரசுக்கு அச்சு இயந்திரம்தான் மிஞ்சியது. எதிர்த்தரப்பிலும் இதே கதை. சென்ட்ரல் ரிசர்வ் பேங்க் பத்து யுவானைப் பெரிய நோட்டாக வைத்துத் தொடங்கியது. 1944-இல் பத்தாயிரம், 1945-இல் ஒரு லட்சம் என்று போய் முடிந்தது. இந்த ஏணியை ஒரே பக்கத்தில் வரிசையாக அடுக்க முடிந்தால் அதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. செலவும் அதிகம் ஆகாது. அடுக்கடுக்காக அச்சடித்ததால் கீழ்மதிப்பு நோட்டுகள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன.

இப்போது நோட்டைக் கையில் எடுங்கள். பாங்க் ஆஃப் சைனாவின் 1940 பத்து யுவான் நல்ல எடுத்துக்காட்டு. அச்சிட்டது நியூயார்க்கின் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி. சிவப்பு நிறம், ஒருபுறம் சுன் யாட்-சென், இன்னொருபுறம் பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயில். நோட்டு நல்ல நிலையில் இருந்தால், ஓர ஓவியத்தின் மேல் விரல் நுனியை மெல்ல ஓட்டும்போது மை மேடாக நிற்பது தெரியும். தகட்டில் வெட்டிய கோட்டில் மையை நிரப்பி, காகிதத்தை அழுத்தி எடுத்ததால் வந்த மேடு அது. லென்ஸில் பார்த்தால் முகத்தின் நிழல்கூடப் புள்ளியாக இருக்காது; நூல் போன்ற கோடுகள் வளைந்து வளைந்து கன்னத்தை உருவாக்கும்.

அடுத்து, சீனாவுக்குள்ளேயே போர் நடுவில் அச்சான ஒரு தாளைத் தொட்டுப் பாருங்கள். மை காகிதத்தோடு படிந்து கிடக்கும். கோடுகள் தெளிவில்லாமல் இருக்கும், நிறம் ஒரு நோட்டுக்கு ஒரு மாதிரி இருக்கும். அதைக் குறையாக நினைத்து ஒதுக்காதீர்கள். நல்ல காகிதமும் மையும் தகடும் கிடைக்காத ஊரின் நிலை அந்தத் தாளில் அப்படியே பதிந்திருக்கிறது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அச்சான நோட்டு, கடற்கரை முழுவதும் எதிரி கையில் இருக்கும்போது சோங்கிங்குக்கு எப்படிப் போனது? 1942-இல் பர்மா சாலையும் அறுந்தபின் ஒரே வழி இந்தியாதான். அசாம் விமானத் தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்கு முனையைத் தாண்டிக் குன்மிங்குக்குப் பறந்த விமானங்கள் எரிபொருள், ஆயுதம் இவற்றோடு கட்டுக்கட்டாகப் பணத்தாளையும் சுமந்தன. ஒவ்வொரு கிலோவுக்கும் உயிர்களைப் பணயம் வைத்த அந்தப் பாதையில், போய்ச் சேருவதற்குள் மதிப்பு தேய்ந்துவிடும் காகிதத்தையும் ஏற்ற வேண்டியிருந்தது என்பது என்னை இன்றும் உலுக்கும் செய்தி.

கள்ளநோட்டைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானிய ராணுவத்தின் நொபொரிட்டோ ஆய்வகம் ஃபாபியைப் போலியாக அச்சடித்துச் சீனாவுக்குள் விட்டது. பணத்தின் மேல் உள்ள நம்பிக்கையைக் குலைத்து எதிரியைச் சாய்ப்பது நோக்கம். ஹாங்காங்கைப் பிடித்தபோது அங்கே சீன நோட்டு அச்சடித்த ஆலையின் கருவிகளும் அவர்களிடம் சிக்கியிருந்தன, வேலை எளிதாயிற்று. சுமார் 400 கோடி யுவான் மதிப்பில் அச்சடித்ததாகச் சொல்வார்கள். முன்னே சொன்ன 55,000 கோடியோடு வைத்துப் பாருங்கள். சோங்கிங் அரசே அடித்துக் குவித்த வெள்ளத்தில் எதிரியின் கள்ளநோட்டு ஒரு குடம் தண்ணீராகக் கரைந்துபோனது. அந்த ஆய்வகம் இருந்த இடத்தில் இப்போது மெய்ஜி பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜப்பான் போகிறவர்கள் பார்த்துவரலாம்.

சென்ட்ரல் ரிசர்வ் நோட்டுகள் சிலவற்றில், ஓர வேலைப்பாட்டுக்குள் தனித்தனி ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருப்பதாகச் சேகரிப்பாளர்கள் காட்டுவார்கள். தகடு செதுக்கியவரே எதிரிக்குத் தெரியாமல் ‘மத்திய அரசு விரைவில் திரும்பும்’, ‘அமெரிக்கப் படை வருகிறது’ என்ற பொருளுள்ள ஆங்கில வாக்கியங்களின் முதலெழுத்துகளை எழுதிவைத்ததாக விளக்கம் சொல்வார்கள். செதுக்கியவர் மனதில் என்ன இருந்தது என்பது வழிவழியாக வரும் கதை, அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஒரு மாலைப்பொழுது முழுக்க லென்ஸோடு அந்த இலைக்கொடிகளுக்குள் எழுத்துத் தேடுவது இந்தப் பொழுதுபோக்கின் தனி இன்பம்.

மூன்றாவது சீனா ஒன்றும் உண்டு. ஜப்பானியப் படை நகரங்களையும் ரயில் பாதைகளையும் பிடித்து வைத்திருந்தது. அவற்றுக்கு இடையே இருந்த மலையும் கிராமமும் கம்யூனிஸ்டுகள் கையில் இருந்தன. அங்கேயும் பணம் வேண்டுமே. யெனானில் எல்லைப்பகுதி வங்கி, வடக்கே மூன்று மாகாணங்கள் கூடும் மலைப்பகுதியில் 1938-இல் தொடங்கிய ஜின்-சா-ஜி வங்கி, ஷான்டுங்கில் பெய்ஹாய் வங்கி என்று பல வங்கிகள் தனித்தனியே நோட்டு அடித்தன. உள்ளூர்க் காகிதம், சிறிய அச்சகம், அதையும் படை நெருங்கினால் தூக்கிக்கொண்டு இடம் மாற வேண்டும். ஏர் ஓட்டும் உழவன், வயல், மலை என்று படங்களும் எளிமையாக இருக்கும். இந்த வங்கிகள் இணைந்துதான் 1948 டிசம்பரில் சீன மக்கள் வங்கி பிறந்தது. இன்றைய சீனப் பணமான ரென்மின்பியின் வேர் அங்கே இருக்கிறது. சீனாவிலேயே இவற்றுக்குப் பெரிய போட்டி என்பதால் விலை அதிகம், போலிகளும் அதிகம். தொடங்கும்போதே இவற்றில் கை வைக்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. ஐந்தாறு ஆண்டு மற்ற நோட்டுகளைத் தொட்டுத் தொட்டுக் காகிதம் பழகிய பிறகு வாருங்கள்.

வாங்கும்போது இரண்டு செய்தி போதும். உலக நோட்டுகளுக்குப் பிக் எண் என்ற அட்டவணை எண் வழங்குகிறது. சீனப் பகுதியில் எண்ணுக்கு முன் ‘ஜே’ என்ற எழுத்து வந்தால் அது ஜப்பானியர் ஆதரவில் நடந்த வங்கியின் நோட்டு; ‘எம்’ வந்தால் ராணுவ நோட்டு. விற்பவர் எழுதியிருக்கும் எண்ணை வைத்தே நோட்டு எந்தச் சீனாவுடையது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். நோட்டின் மேல் வேறு நிறத்தில் சிறிய சீன எழுத்தோ ஊர்ப் பெயரோ கூடுதலாக அச்சாகியிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். ‘சோங்கிங்’ என்று மேலச்சு விழுந்த நோட்டும் விழாத நோட்டும் ஒன்றல்ல. அழுக்கு என்று நினைத்து நான் ஒருமுறை கடந்துபோனது அப்படி ஒரு மேலச்சு. அடுத்த ஆள் எடுத்துக்கொண்டார்.

பராமரிப்பில் நம் ஊர் வெக்கையும் ஈரமும்தான் முதல் எதிரி. கடையில் கிடைக்கும் மலிவான பிளாஸ்டிக் உறையை முகர்ந்து பாருங்கள். புது ரெக்சின் வாடை அடித்தால் அது பிவிசி, நோட்டை நாளடைவில் கெடுத்துவிடும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். லேமினேஷன் செய்யவே கூடாது. கிழிசலில் செலோடேப் ஒட்டக் கூடாது. மடிப்பைப் போக்க இஸ்திரி போடுவதும், சோப்புத் தண்ணீரில் கழுவுவதும் நோட்டின் உயிரை எடுத்துவிடும். எண்பது ஆண்டு கைமாறி வந்த மடிப்பு இருந்துவிட்டுப் போகட்டும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் வாங்கலாக அந்த இரண்டு பத்து யுவான்களையே பரிந்துரைப்பேன்: 1940 ஆண்டிட்ட சென்ட்ரல் பேங்க் நோட்டு ஒன்று, அதே ஆண்டிட்ட சென்ட்ரல் ரிசர்வ் நோட்டு ஒன்று. அடுத்ததாக ஒரு குவான்ஜின். உறைக்குள் ஒரு சிறு சீட்டு வையுங்கள். அதில் வங்கியின் பெயர், அச்சான ஆண்டு, புழக்கத்துக்கு வந்த ஆண்டு, அச்சகம், அப்போது அது எந்த ஊரில் செல்லும், எந்த ஊரில் செல்லாது என்று பென்சிலால் எழுதுங்கள். என் ஆல்பத்தில் அந்தக் கடைசிக் கேள்விக்கு இன்னும் விடை எழுதாத சீட்டுகள் பதினொன்று இருக்கின்றன.